பலகையிற் பிறந்த பயணம்

'அவன் பஸ்ஸில் ஏறினான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுக என்று எந்த வகுப்பிலேனும் கேட்டுப் பாருங்கள். நால்வகை விடை கிடைக்கும். ஒருவன் 'கெற் இன்' என்பான். மற்றொருவன் 'கெற் ஒன்' என்பான். மூன்றாமவன் 'கிளைம்ப்' என்னும் சொல்லைப் போட்டு, தென்னையில் ஏறுவது போலப் பஸ்ஸின் கூரைமேல் ஆளை ஏற்றிவிடுவான். சற்றே நூல் பயின்ற நான்காமவன் 'போர்ட்' என்னும் வினையைத் தேர்ந்தெடுப்பான். தேர்ந்தவன் அத்துடன் அமையான். தமிழில் 'பஸ்ஸில்' என்று 'இல்' உருபு வருகிறதே, ஆங்கிலத்திலும் அதற்கு ஈடாக ஒன்று வேண்டாமா என்று எண்ணி, 'போர்டெட் இன்ரு த பஸ்' என்று எழுதி வைப்பான். சொல் சரி, வாக்கியம் பிழை. புள்ளி போய்விடும்.

இப்பிழையைத் திருத்த நாம் வழக்கமாகச் செய்வது என்ன? 'போர்ட் என்னும் வினைக்குப் பின் இன், ஒன், இன்ரு முதலியவை வாரா' என்று ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதுவோம். மாணவன் அதனை மனனஞ் செய்வான். பரீட்சை முடிந்த மறுநாள் மறப்பான். சொற்களுக்கும் ஊர், உறவு, பிறப்பு, வளர்ப்பு என்பன உண்டு. ஒரு சொல்லின் பிறப்பை அறிந்தவனுக்கு அதன் விதியைத் தனியே மனனஞ் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. இதற்கு இந்தப் 'போர்ட்' என்னும் சிறுசொல்லைவிட நல்ல சான்று கிடைத்தல் அரிது. ஆதலால் இவ்வாரம் அதன் வரலாற்றைச் சிறிது விரித்துரைப்போம்.

பலகையும் விளிம்பும்

'போர்ட்' என்றால் நம் மாணவர் முதலில் அறியும் பொருள் பலகை. கரும்பலகையும் அறிவித்தற் பலகையும் அவர்களுக்கு அன்றாடம் பழக்கமானவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் உண்டு. அங்கே அதற்குப் பலகை, மேசை, கேடயம், கப்பலின் பக்கம் எனப் பல பொருள். பலகைக்கும் மேசைக்கும் உள்ள உறவு விளங்குகிறது. கப்பலின் பக்கம் என்னும் பொருள் எவ்வாறு வந்தது?

இங்கேதான் சுவை இருக்கிறது. பலகை என்னும் பொருளுடைய ஒரு சொல்லும், விளிம்பு அல்லது ஓரம் என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லும் பண்டைய ஜெர்மானிய மொழிகளில் ஏறக்குறைய ஒரே ஒலியுடன் வழங்கின. காலப்போக்கில் இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. கலந்ததில் வியப்பில்லை. வட கடலில் ஓடிய மரக்கலத்தின் விளிம்பு பலகையாலேயே ஆனது. விளிம்பைக் காட்டியவன் பலகையையும் காட்டினான். எல்லை எனப் பொருள்படும் 'போர்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அந்த விளிம்புச் சொல்லின் வழியில் வந்ததே.

கப்பலின் வலப்பக்கத்தை ஆங்கில மாலுமிகள் 'ஸ்ரார்போர்ட்' என்பர். இதனைக் கேட்ட மாணவர் சிலர் விண்மீனுக்கும் கப்பலுக்கும் தொடர்பு தேடுவர். விண்மீனுக்கு இங்கே வேலையில்லை. முற்காலத்துக் கப்பல்களில் சுக்கான் பின்புறத்தின் நடுவில் இருக்கவில்லை. திசை திருப்பும் பெருந்துடுப்பு வலப்பக்க விளிம்பிலே கட்டப்பட்டிருந்தது. திருப்பும் பக்கம் என்னும் பொருளில் அமைந்த பழஞ்சொல்லே இன்று அவ்வாறு ஒலிக்கிறது. துடுப்பு இடர்ப்படாதிருக்க, கப்பலின் இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்துச் சரக்கு ஏற்றினர். அப்பக்கத்துக்கு 'லார்போர்ட்' என்று பெயர். இவ்விரு பெயர்களும் காற்றிலும் அலையிலும் ஒன்றுபோற் கேட்டு மயக்கம் தந்தமையால், 1844ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை 'லார்போர்ட்' என்பதை நீக்கி, இடப்பக்கத்தைத் துறைமுகம் என்னும் பொருளுடைய 'போர்ற்' என்ற சொல்லாற் குறிக்குமாறு கட்டளையிட்டது. இன்று விமானத்திற் பயணிகள் ஏறும் வாயிலும் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே இருப்பதை வாசகர் கவனித்திருக்கக்கூடும்.

ஏறியவர் யார்?

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். 'போர்ட்' என்பது வினையாக வழங்கத் தொடங்கியபோது அது அமைதியான பயணியின் சொல்லாக இருக்கவில்லை. போர்வீரனின் சொல்லாக இருந்தது. பகைவரின் கப்பலோரத்தை நெருங்கி, கொளுக்கிகளால் இழுத்து அணைத்து, விளிம்பைத் தாண்டிக் குதித்து, அக்கப்பலைக் கைப்பற்றுவதே அதன் பழம்பொருள்.

1797ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி போர்த்துக்கல் கரைக்கு அப்பாலுள்ள சென் வின்சென்ற் முனையருகே நடந்த கடற்போரில் இதனைக் கண்முன்னே காணலாம். நெல்சன் செலுத்திய கப்பல் மிகுந்த சேதமுற்றிருந்தது. எதிரே 'சான் நிக்கொலாஸ்', 'சான் ஹோசே' என்னும் இரண்டு ஸ்பானியப் பெருங்கப்பல்கள் ஒன்றோடொன்று சிக்குண்டு நின்றன. நெல்சன் தம் கப்பலை முதலாவதன் பக்கத்தில் மோதவிட்டு, வீரருடன் அதிற் பாய்ந்து அதனைக் கைப்பற்றினார். பின்னர் அக்கப்பலையே பாலமாகக் கொண்டு இரண்டாவது கப்பலிலும் ஏறி அதனையும் அடிபணியச் செய்தார். இவ்விரு செயல்களுக்கும் ஆங்கில வரலாற்றாசிரியர் ஆளும் வினை 'போர்ட்' என்பதே.

இப்பொருள் இன்றும் அழிந்துவிடவில்லை. கடற்படையினரோ சுங்க அதிகாரிகளோ ஒரு கப்பலைச் சோதனையிட அதில் ஏறினால், செய்தித்தாள்கள் இச்சொல்லையே எழுதுகின்றன. 1982ஆம் ஆண்டின் கடற் சட்டம் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 110ஆம் உறுப்புரை, ஆழ்கடலில் ஒரு போர்க்கப்பல் பிறநாட்டுக் கப்பலில் எப்போது ஏறலாம் என்பதை வரையறுக்கிறது. கடற்கொள்ளை, அடிமை வாணிகம் முதலிய ஐயங்களுக்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். வெறுமனே ஏறுதல் கூடாது. அங்கே ஆளப்படும் சொல்லும் இதுவே. ஒரே சொல் பயணச்சீட்டுடன் ஏறுபவனையும் துப்பாக்கியுடன் ஏறுபவனையும் குறிக்கிறது. இடம் நோக்கிப் பொருள் கொள்ளாத மாணவன், 'கடற்படையினர் படகில் ஏறினர்' என்ற செய்தியைப் படித்துவிட்டு, அவர்கள் உல்லாசப் பயணம் போனதாக எண்ணிக்கொள்வான்.

கப்பலேறினான்

இப்பொழுது நம் நான்காவது மாணவனின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். 'போர்ட்' என்னும் வினையின் உள்ளே விளிம்பு இருக்கிறது. கப்பலின் பக்கத்தை அடைந்து ஏறுதல் என்னும் முழுச்செயலும் இருக்கிறது. 'உள்ளே', 'மேலே' என்று சொல்ல வேண்டியவற்றை வினையே தன் வயிற்றில் அடக்கிக்கொண்டது. ஆகவே அதற்குப் பின் எந்தக் கப்பல், எந்தப் பஸ் என்பதை மட்டும் சொன்னாற் போதும். 'போர்ட் த பஸ்' என்பதே நிறைவான தொடர்.

இவ்வமைப்பு தமிழ்ப் பிள்ளைக்குப் புதியதா? 'அவன் கப்பலேறினான்' என்கிறோம். 'வண்டியேறினான்', 'மலையேறினான்' என்கிறோம். இங்கெல்லாம் உருபு எங்கே? தொக்கு நிற்கிறது. உருபு இன்மையாற் பொருள் குறைந்ததா? இல்லை, தொடர் இறுகி அழகு பெற்றது. 'பஸ்ஸில் ஏறினான்' என்பதை மனத்திற் கொண்டு மொழிபெயர்க்கும் மாணவன் தவறுகிறான். 'கப்பலேறினான்' என்பதை நினைவிற் கொள்பவன் தவறான். பிழை திருந்துவதற்கு வேண்டிய துணை அவன் தாய்மொழியிலேயே இருக்கிறது. மானங்கூட நம் மொழியில் உருபின் துணையின்றிக் கப்பலேறுகிறது அன்றோ?

'ஒன் போர்ட்' என்னும் தொடரிலும் இதே கவனம் வேண்டும். 'ஒன் போர்ட் த ஷிப்' என்பதே வழக்கு. நடுவில் 'ஒவ்' என்பதைச் செருகுதல் தேவையற்றது. 'அபோர்ட்' என்னும் சொல்லும் அதே பொருளுடையது. இதனை வெளிநாடு எனப் பொருள்படும் 'அப்றோட்' என்பதோடு மயங்குவோர் பலர். 'என் மாமா அப்றோட்' என எழுத வேண்டியவன் 'அபோர்ட்' என்று எழுதினால், கனடாவில் இருபது ஆண்டு குடியிருக்கும் மாமா இன்னும் கப்பலை விட்டு இறங்காதவர் ஆகிவிடுவார்.

கடலை விட்டுத் தரைக்கு

கப்பலுக்கே உரியதாயிருந்த சொல் தரைக்கு வந்தது எப்பொழுது? 1830ஆம் ஆண்டில் லிவர்பூலுக்கும் மஞ்செஸ்ரருக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியபின், பெருந்தொகையான மக்கள் ஒரே நேரத்தில், குறித்த இடத்தில், ஒரே ஊர்தியில் ஏறும் புதிய காட்சி தோன்றியது. அதற்கு முன் அவ்வாறு ஏறியது கப்பலில் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டில் புகையிரதம் கப்பலின் சொல்லை வாங்கிக்கொண்டது. அமெரிக்க நிலையங்களில் வண்டி புறப்படுமுன் காவலர் 'ஓல் அபோர்ட்' என்று கூவுவதும் கப்பல் வழக்கே. பின்னர் பஸ் வந்தது, விமானம் வந்தது. விமானமோ கப்பலின் சொற்களை வாரிக்கொண்டது. அதற்கும் ஒரு துறை உண்டு, கப்பித்தான் உண்டு, பணிக்குழு உண்டு. அதிலும் பயணிகள் 'ஒன் போர்ட்' ஆகவே இருக்கின்றனர்.

எம் நாட்டு வரலாற்றிலும் இச்சொல்லின் பயணத்தைக் காணலாம். 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் கொழும்புடன் இருப்புப்பாதையால் இணைந்தது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியது. கொழும்பிலே புகையிரதம் ஏறியவர், தலைமன்னாரிற் கப்பலேறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் ஏறிச் சென்னை சென்றார். மூன்று ஏற்றத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை போதும். 1964ஆம் ஆண்டு டிசம்பரிற் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அவ்வழியும் அத்துடன் முடிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பற் சேவையும் 1984இல் நின்றது. 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, 'கப்பலேறுதல்' என்னும் தொடர் நம்மவருக்கு மீண்டும் நேர்ப்பொருளில் வழங்கலாயிற்று.

எதிலெல்லாம் இவ்வினையை ஆளலாம்? கப்பல், புகையிரதம், பஸ், விமானம் ஆகியவற்றில் ஆளலாம். காரிலும் முச்சக்கர வண்டியிலும் ஆளலாகாது. ஏன்? கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். பலர் கூடி ஏறுவது, எழுந்து நடமாட இடமுள்ளது, குறித்த நேரத்திற் புறப்படுவது எதுவோ அது கப்பலின் இனம். கார் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது ஓர் அறை போன்றது.

'கெற் ஒன்', 'கெற் இன்' என்னும் மயக்கமும் இதனால் தெளியும். தளத்தின் மேல் நின்று நடமாடக்கூடிய பஸ், புகையிரதம், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கு 'ஒன்'. குனிந்து புகுந்து உட்கார வேண்டிய கார், முச்சக்கர வண்டி, சிறு தோணி ஆகியவற்றுக்கு 'இன்'. குதிரை, துவிச்சக்கர வண்டி ஆகியவற்றின் முதுகிலே அமர்வதால் அவற்றுக்கும் 'ஒன்'. இறங்கும்போது முதல் வகைக்கு 'கெற் ஓவ்'. இரண்டாம் வகைக்கு 'கெற் அவுற் ஒவ்'. தமிழோ 'ஏறு', 'இறங்கு' என்னும் இரு சொற்களால் இவை யாவற்றையும் முடித்துக்கொள்கிறது. தமிழ் மாணவன் தடுமாறுவது அறிவுக் குறைவினாலன்று. தன் மொழி பிரிக்காத இடத்தில் அயல்மொழி பிரிப்பதனாலேயே.

'எம்பார்க்' என்னும் மற்றொரு சொல்லும் உண்டு. அது தோணியைக் குறிக்கும் 'பார்க்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கப்பல், விமானம் ஆகிய நெடும்பயண ஊர்திகளுக்கே அது பொருந்தும். நகரப் பஸ்ஸுக்கு அதனை ஆளுதல், சந்தைக்குப் போகப் பட்டுவேட்டி உடுத்தது போலாகும். 'எம்பார்க் ஒன்' என்று வந்தால், பெரியதொரு முயற்சியைத் தொடங்குதல் என்பது பொருள்.

மேசையும் சோறும்

பலகைக்குக் கால் வைத்தால் மேசை. மேசையில் உணவு வைப்பர். ஆகவே மேசையின் பெயர் உணவுக்கு ஆயிற்று. 'போர்ட் அன்ட் லொட்ஜிங்' என்றால் உணவும் உறையுளும். 'போர்டிங் ஸ்கூல்' என்பது பள்ளியின் மேசையில் உண்டு அங்கேயே தங்கிக் கற்கும் பாடசாலை. உடுவிலில் அமெரிக்க மிஷனார் 1824ஆம் ஆண்டிற் பெண்பிள்ளைகளுக்கு நிறுவியது அத்தகைய விடுதிப் பாடசாலையே. ஹோட்டல்களில் 'புல் போர்ட்' என்றால் மூவேளை உணவும் கட்டணத்துள் அடங்கும். 'ஹாவ் போர்ட்' என்றால் காலையுணவும் வேறொரு வேளை உணவும், பெரும்பாலும் இராப்போசனம், அடங்கும். முற்பணம் கட்டுமுன் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நன்று.

'மகன் கொழும்பிலே போர்டிங்கில் இருக்கிறான்' என்று நம்மவர் கூறுவது பெருவழக்கு. சென்று பார்த்தால், ஓர் அறையும் கட்டிலும் இருக்கும். சோற்றுக்கு அவன் கடை தேடி அலைவான். சொல்லின் பிறப்பு நோக்கினால், சோறு இல்லாத இடம் 'போர்டிங்' ஆகாது! பெயரிற் சோறு இருக்கிறது, இலையிலே இல்லை. பிள்ளையை அனுப்பும் தாய்மார் வாடகை பேசும்போதே 'போர்ட் உண்டா, லொட்ஜிங் மட்டுமா' என்று கேட்டுத் தெளிந்தால், மாத முடிவில் மனத்தாங்கலுக்கு இடமிராது.

மேசையைச் சுற்றி உணவுக்கு மட்டுமா கூடுவர்? ஆலோசனைக்கும் கூடுவர். ஆதலால் மேசையின் பெயர் அதனைச் சுற்றியிருந்த குழுவுக்கும் ஆயிற்று. நிறுவனங்களின் பணிப்பாளர் குழு 'போர்ட்'. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது அமைந்த போக்குவரத்துச் சபையும் 'போர்ட்' என்றே ஆங்கிலத்திற் பெயர் பெற்றது. அன்றுமுதல் நம்மவர் ஒரு 'போர்ட்' நடத்திய பஸ்ஸிலே 'போர்ட்' செய்து, முன்புறப் பெயர்ப்பலகையாகிய 'போர்ட்' பார்த்து, இடமில்லாவிடின் மிதிபலகையாகிய 'புட்போர்ட்' மீது தொங்கிச் சென்றனர்.

இவ்விடத்திலும் தமிழ் பின்தங்கவில்லை. மதுரையிற் புலவர் வீற்றிருந்ததாகத் தொன்மங்கள் கூறும் சங்கப் பலகையை நினைத்துப் பாருங்கள். தகுதியுடைய புலவருக்கு அப்பலகை இடங்கொடுத்து விரியும் என்பது கதை. பலகையும் அவையும் ஒன்றாக எண்ணப்பட்டன. ஆங்கிலேயர் மேசைப் பலகையைச் சுற்றியிருந்தோரைச் சபையாக்கினர். நம் முன்னோர் சபையைப் பலகையின்மேலேயே இருத்தினர். இன்று இச்சொல்லைத் தமிழாக்கும்போது இலங்கையர் 'சபை' என்கிறோம். தமிழகத்தார் 'வாரியம்' என்கின்றனர். 'வாரியம்' என்பது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிற் காணப்படும் சொல். ஏரியைக் காத்த குழு அங்கே ஏரி வாரியம் எனப்பட்டது.

மரபுத்தொடர்கள் சிலவற்றையும் ஒரு சேரக் காண்போம். 'அபவ் போர்ட்' என்றால் ஒளிவு மறைவற்றது. சூதாடுவோன் கையை மேசைக்கு மேல் வைத்திருந்தால் வஞ்சனைக்கு இடமில்லை என்பதிலிருந்து வந்தது. 'கோ பை த போர்ட்' என்றால் கைவிடப்படுதல். பாய்மரம் முறிந்து கப்பலோரமாகக் கடலில் வீழ்வது அதன் மூலம். 'ரேக் ஒன் போர்ட்' என்றால் பிறர் கருத்தை ஏற்று மனத்திற் கொள்ளுதல். 'கோ ஓவர்போர்ட்' என்றால் அளவு கடத்தல். மேசை, விளிம்பு என்னும் இரண்டையும் நினைவில் வைத்திருப்பவனுக்கு இவற்றுள் எதுவும் புதிராகாது.

நேரத்தைப் படித்தல்

இதுகாறும் கூறியவை பரீட்சைக்கு உதவும். இனிக் கூறுவது குடும்பங்களுக்கு உதவும்.

பிள்ளைகள் வெளிநாடுகளிற் குடியேறியிருக்கும் காலம் இது. ஆங்கிலம் அதிகம் அறியாத தாய்மார் பலர் தனியே விமானமேறி அவர்களைக் காணச் செல்கின்றனர். அவர்கள் கையிற் கொடுக்கப்படும் 'போர்டிங் பாஸ்' என்னும் சீட்டிலே இரண்டு நேரங்கள் இருக்கக்கூடும். ஒன்று 'டிப்பார்ச்சர்', அதாவது விமானம் புறப்படும் நேரம். மற்றையது 'போர்டிங் ரைம்', அதாவது ஏறத் தொடங்கும் நேரம். பஸ்ஸுக்குப் பழகிய மனம் புறப்படும் நேரத்தையே தேடும். பஸ் புறப்படும்போதும் ஓடிச்சென்று ஏறலாம். விமானத்திலோ வாயிற் கதவு புறப்படும் நேரத்துக்கு முன்னரே மூடப்பட்டுவிடும். எத்தனை நிமிடம் முன்பு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மூடிய கதவு திறப்பதில்லை என்பது மட்டும் பெரும்பாலும் பொது. ஆதலால் வழியனுப்புவோர் தாயின் சீட்டில் 'போர்டிங்' என்ற சொல்லின் கீழுள்ள நேரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'அம்மா, இதுதான் உங்கள் நேரம்' என்று சொல்லி அனுப்புதல் வேண்டும்.

ஒலிபெருக்கியில் 'த பிளைற் இஸ் நவ் போர்டிங்' என்று கேட்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது' என்றாகும். விமானம் வானிலே ஏறிவிட்டதே என்று கலங்கவேண்டாம். ஏறுவோர் பயணிகளே, ஏற்றிக்கொள்ளும் ஊர்தியை எழுவாயாக வைத்துப் பேசுவது ஆங்கில வழக்கு. 'பைனல் கோல்' என்றால் இறுதி அழைப்பு. அதன்பின் ஆறுதலாக நடத்தல் ஆகாது.

'டினைட் போர்டிங்' என்னும் தொடரையும் அறிந்திருத்தல் வேண்டும். ஏற மறுக்கப்படுதல் என்பது பொருள். உறுதிப்படுத்திய இடத்துடன் உரிய நேரத்துக்கு வந்த பயணியை, இருக்கைகளுக்கு மேல் ஆட்களைப் பதிந்துவிட்டோம் என்று நிறுத்துவதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் இயற்றிய 261ஆம் இலக்க ஒழுங்குவிதி, அத்தகையோருக்கு 250, 400, 600 யூரோ எனத் தூரத்துக்கேற்ப இழப்பீடு வகுத்தது. ஒன்றியத்தின் விமான நிலையங்களிலிருந்து புறப்படுவோருக்கு அது பொருந்துவதாகையால், பாரிஸிலிருந்து கொழும்புக்கு வரும் எம்மவருக்கும் அது உரியது. உடல்நலம், பாதுகாப்பு, போதிய பயணப் பத்திரம் இன்மை ஆகிய நியாயமான காரணங்களால் மறுக்கப்பட்டால் இழப்பீடு இல்லை. பயணியே பிந்தி வந்தாலும் இல்லை. அங்கே கொடுக்கப்படும் கடிதத்தில் 'மறுக்கப்பட்டார்' என்று இருக்கிறதா, 'வரவில்லை' என்று இருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஒரு சொல்லின் விலை 600 யூரோவாகவும் இருக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆங்கிலத்தை ஏறமுடியாத உயர்மதிலாகக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் எம்மிடையே பலர். அம்மதிலும் பலகைகளால் ஆனதே. ஒவ்வொரு பலகையாக எடுத்து, இது எந்த மரத்திலிருந்து வந்தது என்று பார்க்கப் பழகினால், மதில் படிக்கட்டாகிவிடும்.

மாணவருக்கு

கீழ்வரும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுக. ஏற்ற இடத்தில் மட்டுமே 'போர்ட்' என்னும் சொல்லை ஆளுக. விடைகளை அடுத்த வாரம் காண்போம்.

1. தம்பி காலை 6 மணிக்குப் புகையிரதம் ஏறினான்.
2. பாட்டி மெதுவாக முச்சக்கர வண்டியில் ஏறினார்.
3. கடற்படையினர் சோதனையிடுவதற்காக அந்தக் கப்பலில் ஏறினர்.
4. அக்கா கண்டியில் உணவுடன் கூடிய விடுதியிலே தங்கிக் கற்கிறாள்.
5. பெரியப்பா வெளிநாட்டில் இருக்கிறார், கப்பலில் இல்லை.